நாரைகூட ஜோடியாகத்தான் போகிறது!

நீங்கள் ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு? இரண்டா... ஐந்தா? இத்தனை நாளில் நீங்களும் உங்கள் மனைவியும், இரண்டே பேர், வெளியூர் போய் ஒரு ராத்திரி தங்கியது எத்தனை தடவை? கல்யாணம், காதுகுத்து, துக்கம், ஆஸ்பத்திரி, வேண்டுதல் எதுவும் கணக்கில் சேராது. சும்மா, ஊர் பார்க்க, காற்று வாங்கப் போனது மட்டும். விரலை மடக்கிச் சொல்லுங்கள் பார்ப்போம். பெரும்பாலான வீடுகளில் ஒரு விரல்கூட மடங்காது!

"ஏன் சார், போன மாசம்தானே நவக்கிரக டூர் போய்ட்டு வந்தோம்?" என்பீர்கள். தெரியும். விடிவதற்கு முன்னால் வேனில் ஏறி, திங்களூரில் ஆரம்பித்து, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்றி, கடைசியில் எங்கள் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. ஒரே நாளில் ஒன்பது கோயில். சனீஸ்வரனுக்கு 'மந்தன்' என்று ஒரு பெயர் உண்டு. நிதானமாக நடப்பவர் என்று அர்த்தம். அவரைப் பார்க்கத்தான் நாம் இப்படி மூச்சிரைக்க ஓடுகிறோம்!

கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த ஓட்டத்துக்கு ஓய்வு என்று பெயர் வைக்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வீங்கின காலோடு வீட்டுக்குள் நுழைந்து, "ஏதாவது சூடா ரசம் வையேன்" என்று நீங்கள் கேட்க, அவரும் அடுப்பைப் பற்ற வைக்கிறாரே... அந்தக் கணத்தில் யார் ரிட்டயர் ஆனவர், யார் ஆகாதவர் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு வகைப் பயணமும் நம் குடும்பங்களில் இருக்கிறது. மகளுக்குப் பிரசவம், அமெரிக்கா போக வேண்டும். ஆறு மாதம் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பார் வைத்து, பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்புகிறோம். ஊரில் எல்லோரும், "உங்களுக்கு என்ன, அமெரிக்காவே பார்த்துட்டீங்க" என்கிறார்கள். பார்த்தது என்னவோ சமையலறை ஜன்னல்தான்.

அந்த ஜன்னல் வழியாக ஒரு காட்சி சிலர் கண்ணில் பட்டிருக்கும். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெரிய வண்டி நிற்கும். பஸ் மாதிரி இருக்கும், பஸ் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உண்டு. 'ஆர்.வி.' என்பார்கள். நம் பாஷையில் சக்கரம் வைத்த வீடு. அறுபத்தைந்து, எழுபது வயது கணவனும் மனைவியும் அதில் ஏறிக் கிளம்பிவிடுவார்கள். காட்டோரம் நிறுத்துவார்கள், ஏரிக்கரையில் நிறுத்துவார்கள். கழுத்தில் ஒரு பைனாகுலர். மான் வந்தால் மான், வாத்து வந்தால் வாத்து. குளிர்காலம் வந்ததும் வடக்கிலிருந்து தெற்கே ஃப்ளோரிடா, அரிசோனா என்று இறங்கி, வெயில் வந்ததும் திரும்புகிற இந்தக் கிழத் தம்பதிகளுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'ஸ்நோபேர்ட்ஸ்'. பனிப்பறவைகள்! குளிருக்குப் பயந்து வலசை போகிறவர்கள் என்ற அர்த்தத்தில்.

நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள். நடந்ததுதான். தாத்தா காலத்துக் கூண்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோறு மூட்டை, ஒரு செம்புத் தண்ணீர். மாட்டை அவிழ்த்துவிடுகிற இடமெல்லாம் தங்குமிடம். வாய்க்கால் கரையில் புளியோதரையும் தயிர்சாதமும். அந்த வண்டி மணிக்கு மூன்று நான்கு மைல்தான் போகும். அதனால் வழியில் என்ன மரம், எந்தக் குளத்தில் என்ன பறவை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நமக்கு பைபாஸில் எந்த ஓட்டலில் காபி நன்றாக இருக்கும் என்பது தெரியும்.

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ள வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். நல்ல விஷயம். ஆனால் நம் டெல்டா ரோட்டுக்கு அந்தப் பெரிய வண்டி தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன். எதிரே வைக்கோல் லாரி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ராத்திரி நிறுத்தி, தண்ணீர் பிடித்து, கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வசதியுள்ள இடத்தையும் தேட வேண்டும். உங்கள் பழைய மாருதி போதும். கார் இல்லையா, வாடகை வண்டி, அதுவும் இல்லையென்றால் பஸ். வண்டி எதுவானாலும் சரி. நடுவில் நிறுத்தி இறங்கத் தெரிந்தால் அதுதான் ஆர்.வி.!

எண்பது கிலோமீட்டரில் ஒரு சைபீரியா

காரைக்கால் என்றதும் சிலர் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வரும். 'பாட்டில்' ஞாபகம்! சனிக்கிழமை ஆனால் ஒரு கூட்டம் திருநள்ளாறுக்கு, இன்னொரு கூட்டம் அதற்கு. இரண்டுக்கும் நடுவில் ஊரைப் பார்த்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் கடலுக்கும் இடையே மாட்டிக்கொண்ட, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு துண்டு நிலம் இது. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பரில்தான் நம்மிடம் சேர்ந்தது. இங்கே 'பென்ஷன்' என்ற சொல்லுக்கே தனி மரியாதை. பாரீஸிலிருந்து பென்ஷன் வாங்கிய பழைய ராணுவக்காரர்கள் வாழ்ந்த ஊராயிற்றே!

இந்த ஊரில் இருந்துகொண்டு, அல்லது மாயவரம், கும்பகோணம், திருவாரூரில் இருந்துகொண்டு, 'ஊட்டி, கொடைக்கானல் போக வசதியில்லை' என்று பெருமூச்சு விடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாஞ்சூர் தாண்டி, நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று தெற்கே போனால் சுமார் 80 கிலோமீட்டரில் கோடியக்கரை. அங்கே மார்கழி, தை மாதத்தில் வந்து இறங்குகிற விருந்தாளிகள் எங்கிருந்து வருகிறார்கள் தெரியுமா? சைபீரியாவிலிருந்து!

கொசு உள்ளான் என்று ஒரு பறவை. நீளக் கால் வைத்த சிட்டுக்குருவி மாதிரி இருக்கும். எடை முப்பது கிராம் சொச்சம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை! அது ஆர்க்டிக் பக்கத்துக் குளிரில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான மைல் பறந்து நம் வேதாரண்யத்துச் சேற்றில் வந்து புழு பொறுக்குகிறது. விசா கிடையாது, டிக்கெட் கிடையாது. நமக்கோ, அடுத்த மாவட்டம் போக நாலு நாள் யோசனை.

கோடியக்கரை சரணாலயம் 1967-ல் முக்கியமாக வெளிமான்களைக் காப்பாற்றவே ஏற்பட்டது. முறுக்கிய கொம்போடு கறுப்பும் வெள்ளையுமாக நிற்கிற ஆண் மானைப் புல்வெளியில் பார்த்துவிட்டால், காலண்டர் படம் உயிரோடு வந்த மாதிரி இருக்கும். மட்டக்குதிரைகள் தானாகத் திரியும். குரங்குகளும் உண்டு. தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், அப்புறம் உங்களுக்கு மிஞ்சாது. சதுப்பு நிலத்தில் தண்ணீர் வாகாக இருக்கும் வருஷங்களில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். தூரத்தில் பார்த்தால் ரோஸ் கலர் துணி காயப்போட்ட மாதிரி. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பறவை அது. அந்த ரோஸ் நிறமே அது தின்கிற தீனியிலிருந்து வருவதுதான். சாப்பாடுதான் உடம்பு என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்களே, இதைவிட வெளிப்படையான சாட்சி உண்டா?

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல வருஷங்களாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டு ஆராய்கிறார்கள். பறவை மனிதர் சாலிம் அலி அக்கறை காட்டிய இடம். 2002-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக 'ராம்சர்' பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. மான்களும் பறவைகளும் ஏராளமாகச் செத்தன. அதற்குப் பிறகும் பறவைகள் வழியை மறக்கவில்லை.

போகிற வழியில் வேதாரண்யத்து உப்பளங்களைச் சும்மா தாண்டிப் போய்விடாதீர்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இந்த ஊரில்தான். பாத்திக்குப் பாத்தி ஆலா, உப்புக்கொத்தி என்று ஏதாவது ஒன்று நிற்கும். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். பத்து நிமிஷம் போதும்.

மறுநாள் திரும்பும்போது வந்த வழியே வராமல் மேற்கே திருத்துறைப்பூண்டி பக்கம் திரும்புங்கள். முத்துப்பேட்டை போகிற திசையில் உதயமார்த்தாண்டபுரம். மன்னார்குடி–தஞ்சாவூர் சாலையை ஒட்டி வடுவூர். இரண்டும் பாசன ஏரிகள்தான். இரண்டுமே 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன. மன்னார்குடி ராஜகோபாலனையும் வடுவூர் ராமரையும் இதே வழியில் சேவிக்கலாம். 'கோயில் இல்லாமல் என்ன பிரயாணம்?' என்கிற பாட்டிமார்கள் மனசும் குளிரும்.

உதயமார்த்தாண்டபுரத்தில் நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். இரண்டு அலகும் நடுவில் ஒட்டாது, பாக்குவெட்டி மாதிரி இடைவெளி இருக்கும். அந்த அலகால் நத்தையின் சதையை லாவகமாக உருவி எடுக்கும். நம் வயலில் நாற்றைக் கடிக்கிற நத்தையைத் தின்று தீர்க்கிற கூலியில்லாத வேலைக்காரன் அது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கத்தில், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கிராமத்தார் இருக்கிறார்கள். படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம் சரணாலயத்துக்குள் போய் ஹாரன் அடிக்கிறோம்.

நாரை என்றதும் சத்திமுத்தப் புலவர் ஞாபகம் வருகிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். வறுமையில் மதுரைக் குளிரில் நடுங்கிக்கொண்டு, வானத்தில் போன நாரையைக் கூப்பிட்டு மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பியவர். அவர் நாரையைத் தனியாகக் கூப்பிடவில்லை. நீயும் உன் பெண்டாட்டியுமாகத் தெற்கே போய்விட்டு வடக்கே திரும்பும்போது, என்றுதான் பேசுகிறார். பறவைகூட ஜோடியாகப் போவதைக் கவனித்த மண் இது! புதுச்சேரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த பி.எல்.சாமி, சங்க இலக்கியத்துப் பறவைகளுக்கென்றே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆக, பறவை பார்ப்பது வெள்ளைக்காரன் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"எனக்கு முட்டி வலி, நீங்க போய்ட்டு வாங்க"

இனிமேல்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆண்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

"கிளம்பலாமா?" என்று கேட்டால் பல வீடுகளில் அம்மாவிடமிருந்து வருகிற பதில், "எனக்கு முட்டி வலி, நீங்க போய்ட்டு வாங்க." முட்டி வலி நிஜமாகவே இருக்கலாம். ஆனால் பல சமயம் முட்டி ஒரு சாக்கு. உண்மைக் காரணத்தை வெளியே சொல்லக் கூச்சம். வழியில் எங்கே ஒதுங்குவது? அதுதான் காரணம்!

நம் பெண்கள் பிரயாணம் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் அரை டம்ளர் காபி, அப்புறம் வீடு திரும்புகிறவரை வறண்ட தொண்டை. நாற்பது வருஷமாக இதுதான் பழக்கம். மாதவிலக்கு நின்ற பிறகு சிறுநீர்த் தொற்று வருவதற்கான வாய்ப்பே அதிகம். அதோடு தண்ணீரும் குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கியும் வைத்தால்? எரிச்சல், காய்ச்சல், சில பேருக்குச் சிறுநீரகம்வரை போகும். சர்க்கரை வியாதி இருந்தால் இன்னும் ஆபத்து. வெயிலில் நீர் வற்றி, பி.பி. இறங்கி, தலை சுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு என்னாவது?

இன்னொன்றும் உண்டு. இருமினால், தும்மினால், படியிறங்கினால் ஓரிரு சொட்டு கசிவது. பிள்ளை பெற்ற பெண்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. 'வயசானா அப்படித்தான்' என்று மகளிடம்கூடச் சொல்லாமல் ஒளித்து வைக்கிறார்கள். அதனால்தான் கல்யாணத்துக்குக்கூட வரமாட்டேன் என்கிறார்கள். இது வயசின் தலையெழுத்து அல்ல, வைத்தியம் இருக்கிற கோளாறு. இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். பலருக்கு அதிலேயே நல்ல குணம் தெரியும். லேடி டாக்டரிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். கணவன்மார்களும் தப்பிக்க முடியாது. ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறீர்களே, அது ப்ராஸ்டேட்டா, சர்க்கரையா என்று பார்த்தாயிற்றா?

ஆகவே, வழித்தடம் போடும்போது முதலில் குறிக்க வேண்டியது பறவையை அல்ல, கழிவறையை. நாகப்பட்டினத்தில் ஒன்று, வேளாங்கண்ணியில் ஒன்று, வேதாரண்யத்தில் ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, தேவை இருக்கிறதோ இல்லையோ, வண்டி நிற்க வேண்டும். பெட்ரோல் பங்கில் கூச்சப்படாமல் சாவி கேளுங்கள். அம்மா தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்ப்பது உங்கள் டூட்டி. 'வழியில நிறுத்த முடியாது, லேட்டாயிடும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எதற்கு லேட்டு? எந்த ஆபீஸ் காத்திருக்கிறது உங்களுக்கு?

அடுத்த சட்டம்: அந்த இரண்டு நாள் அவர் கரண்டியைத் தொடக்கூடாது. முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிவரை புளியோதரை கிளறி, தூக்கமில்லாமல் வண்டியேறினால் அது அவருக்குப் பிரயாணமில்லை, தண்டனை. இட்லி எல்லா ஊரிலும் கிடைக்கும். கட்டுச்சோறுதான் வேண்டும் என்றால் நீங்கள் கிளறுங்கள். பென்ஷன்காரருக்கு நேரமா இல்லை?

பறவை என்ன மருந்தா?

மருந்து என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி வாசகர்களை ஏமாற்றுகிற பத்திரிகைக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 1,300 பேரை, அவர்கள் அன்றாட வாழ்க்கையில் இருக்கும்போதே, செல்போன் மூலம் அவ்வப்போது கேள்வி கேட்டு 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்தோ, குரலைக் கேட்டோ இருந்தவர்களின் மனநிலை நன்றாக இருந்தது. அந்தத் தெம்பு எட்டு மணி நேரம் வரைகூட நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அதே பலன். கலந்துகொண்டவர்கள் எல்லோரும் வயதானவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அபிப்ராயத்தில் அதைவிடப் பெரிய லாபம் வேறு. பறவை உங்களை நிற்க வைக்கும். கொஞ்சம் நடக்க வைக்கும், மறுபடி நிற்க வைக்கும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பூங்காவில் செக்குமாடு மாதிரி சுற்றச் சொன்னால் அலுத்துப் போகும். ஏரிக்கரையில் 'அதோ அந்த மரத்தில் என்ன?' என்று போனால் இரண்டு கிலோமீட்டர் போனதே தெரியாது. அரசலாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் காலையில் போய் வாருங்களேன், நான் சொல்வது புரியும்.

இன்னொரு வேடிக்கை. வயதாக ஆகக் காது முதலில் இழப்பது மெல்லிய, கீச்சுக் குரல்களைத்தான். "அந்தத் தேன்சிட்டு கத்துது, கேட்கலையா?" என்று மனைவி கேட்டு, உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றால், அவர் மேல் எரிந்து விழாமல் காது டாக்டரிடம் போங்கள். பைனாகுலரில் ஒரு கண்ணுக்கு மட்டும் புகை மூட்டமாகத் தெரிந்தால் புரை விழுந்திருக்கலாம். கண் டாக்டரைப் பாருங்கள்.

பைனாகுலர் வாங்குவதில் ஏமாந்துவிடாதீர்கள். பெரிதாகக் காட்டுவதே உசத்தி என்று பன்னிரண்டு, பதினாறு மடங்கு வாங்கினால், வயசான கை ஆடுகிற ஆட்டத்தில் பறவையும் ஆடும். 8x42 என்று போட்டிருப்பது போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். மூக்குக்கண்ணாடியோடு பார்க்க வசதியாக, கண் வைக்கிற ரப்பர் வளையம் மடங்குகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். பேரன் செல்போனில் 'மெர்லின்' என்று ஒரு ஆப் போட்டுத் தருவான். இலவசம். பறவையின் குரலைக் கேட்டே பெயர் சொல்லும்.

மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துப் பெட்டியை டிக்கியில் வைக்காதீர்கள். கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினை மூடிய காருக்குள் வெயிலில் விட்டால் வீண். சர்க்கரைக்காரர்கள் பையில் இரண்டு மிட்டாயும் பிஸ்கட்டும் அவசியம். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் 'மணல்தானே' என்று கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரில் தொடர்ந்து மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் உறையலாம். கால் வீங்குகிறவர்களுக்கு இறங்கி நடப்பது ஆடம்பரமில்லை, வைத்தியம். செத்துக் கிடக்கிற பறவையைத் தொடாதீர்கள். கூடு நிறைந்த மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள்... ஏன் என்று சொல்லத் தேவையில்லை! அவசரம் என்றால் நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அமெரிக்கா போகும்போது இல்லாத பயம் வேதாரண்யம் போக எதற்கு?

காசு? கொச்சியில் ஒரு சின்ன டீக்கடை நடத்தினார்கள் விஜயன்–மோகனா தம்பதி. தினமும் கொஞ்சம் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் சுற்றி வந்து மறுபடி டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். 2007-ல் ஆரம்பித்து 26 நாடுகள், இரண்டு பேரும் சேர்ந்தே. 2021-ல் ரஷ்யா போய்த் திரும்பிய கொஞ்ச நாளில், நவம்பரில், விஜயன் காலமானார். 'வீட்டுக் கடன் முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும்' என்று அவர்கள் காத்திருந்தால் மோகனாவிடம் என்ன மிஞ்சியிருக்கும்? முட்டியும் கண்ணும் இதயமும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒத்துழைக்கிற வருஷங்கள் கொஞ்சம்தான். அறுபதுக்கு மேல் ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் எத்தனை டி.வி. சீரியலுக்குப் போயிற்று என்று கணக்குப் பாருங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவிலேயே அதிக ராம்சர் தலங்கள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. 2025 கணக்குப்படி 20. பெருமைதான். ஆனால் பறவை பார்க்க வருகிற ஒரு பாட்டி உட்கார நிழலில் ஒரு பெஞ்ச், பிடித்துக்கொண்டு ஏறக் கைப்பிடி வைத்த படி, தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் விழுகிற, நாற்காலி போல் உட்காரும் கழிவறை, இவை ஒவ்வொரு சரணாலயத்திலும் இருக்க வேண்டும். கோபுரம் மாதிரி ஏணி வைத்துப் பார்வை மேடை கட்டினால் அறுபது வயது முட்டி என்ன செய்யும்? தரையோடு தரையாக ஒரு மறைப்புத் தட்டி போதுமே! புதுச்சேரி அரசும் காரைக்கால் கடற்கரை, ஆற்று முகத்துவாரத்தை வைத்துக்கொண்டு இதை யோசிக்கலாம். மனு எழுதுவதில் ரிட்டயர் ஆன குமாஸ்தாக்களை யாரால் ஜெயிக்க முடியும்? எழுதுங்கள்.

முதல் தடவையே இரண்டு நாள் வேண்டாம் என்று தோன்றினால், மொட்டை மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். 2015-லிருந்து ஒவ்வொரு வருஷமும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டதை எண்ணி எழுத வேண்டும். காக்கை, மைனா, மீன்கொத்தி, வயலில் டிராக்டருக்குப் பின்னால் ஓடுகிற கொக்கு, எல்லாம் கணக்குதான். ஒருவர் எண்ண, ஒருவர் எழுதலாம். எண்ணுவது அவர், எழுதுவது நீங்கள் என்று இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழையும் புயல் பயமும் ஓய்ந்த பிறகு, மார்கழிப் பாதியிலிருந்து மாசி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் வடுவூர் ஏரியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிடும். உள்ளான்கள் அதற்கு முன்பே வடக்கே கிளம்பிவிடும்.